மூட்டை நூலால் தைத்த வார்

சின்னவனே,

போன வாரம் போனில் என்னிடம் மூன்று சாமான் கேட்டாய். என்னுடைய பாராங் கத்தி, என்னுடைய மோட்டார் சைக்கிள், உன் அண்ணன் சூசை கடைசியாகப் போட்டிருந்த ஹெல்மெட். கல்யாணம் முடிந்ததும் மூன்றையும் ஜொகூருக்குக் கொண்டுபோய் வைத்துக்கொள்கிறேன் என்றாய். "இப்ப விக்கிற சாமான் ஒன்னும் ரெண்டு வருசம்கூட தாங்க மாட்டேங்குது லா பா. ஒங்க சாமான்தான் சாமான்" என்றாய். எனக்குத் தலைகால் புரியாத பெருமை. நீ அதோடு நிறுத்தியிருக்கலாம். "ஹெல்மெட்டு வாரு மட்டும் பழசாயிருக்கும். ஒங்க கையால புதுசா தச்சிக் குடுங்கப்பா, தெனம் சிங்கப்பூர் பாலத்துல போறப்ப அதையே போட்டுக்கிறேன்" என்றாய் பார், அதற்கு மேல் போனைப் பிடித்திருக்க முடியவில்லை. தொண்டை கட்டிவிட்டது என்று ஒரு பொய்யைச் சொல்லிப் போனை உன் அம்மாவிடம் கொடுத்துவிட்டு, பின்பக்கம் போய் மாட்டுக்கொட்டகைச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அதற்குப் பிறகு மூன்று நாள் யோசித்து இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்தேன். எழுதியதும் நான்கு முறை கிழித்தேன். இது ஐந்தாவது.

முதலில் பாராங். அதை எடுத்துக்கொள், அது உனக்குத்தான். பழைய லோரியின் ஸ்பிரிங் பட்டையை அடித்துச் செய்த கத்தி அது. நான் ரப்பர் மரத்தை விட்டுச் செம்பனைக்கு மாறிய வருசம் வாங்கினேன். பிடி மூன்று முறை மாற்றியிருக்கிறேன், இப்போது இருப்பது கொய்யாக் கட்டை. கடையில் விற்கும் பிளாஸ்டிக் பிடி போட்டுத் தொலைக்காதே, மழையில் வழுக்கிக் கையை வாங்கிவிடும். வேலை முடிந்ததும் கழுவு, துடை, ஒரு சொட்டு எண்ணெய் தேய்த்துவிட்டு உறையில் போடு. ஈரத்தோடு உறையில் போடுகிறவன் மூஞ்சியில் நான் முழிக்க மாட்டேன் என்பது உனக்கே தெரியும். எங்களை மேய்க்கும் மண்டோர் ஒருவர், பெயர் வேண்டாம், என்னிடம் அதை ஒரு நாள் இரவல் கேட்டார். பெண்டாட்டியைக் கேட்டது போல முறைத்துவிட்டேன். அப்படி வைத்திருந்தேன் சாமானை. ஊரே சொல்லும், அவன் வீட்டில் எதுவும் பழசாகாது என்று. அந்தப் பேச்சில் எனக்கு ஒரு போதை இருந்தது, அதை நான் இப்போதுதான் ஒத்துக்கொள்கிறேன்.

அந்தப் பாராங் விசயத்தில் ஒன்று உனக்கு ஞாபகம் இருக்கும். உனக்குப் பத்து வயசு. பெயின்ட் டின் மூடியை அதை வைத்து நெம்பி, நுனியில் நெல்லளவு பல் விழுந்துவிட்டது. சாயங்காலம் நான் வந்து பார்த்துவிட்டு லயத்து வீடெல்லாம் கிடுகிடுக்கக் கத்தினேன். நீ தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நின்றாய். சூசை வந்து, "நாந்தான் பா, தெரியாம பண்ணிட்டேன்" என்றான். இடுப்பு பெல்ட்டைக் கழற்றி அவனை அடித்தேன். அவன் கையை மட்டும் தலைக்கு மேல் வைத்துக்கொண்டான். மறுநாள் உன் விரலில் பெயின்ட் கறையைப் பார்த்தபோது எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. ஆனாலும் நான் அவனைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை சொல்லவில்லை. அப்பன் பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்பதாவது என்று திமிர். ஒரு கத்தியின் பல்லுக்காகப் பிள்ளை முதுகைப் பார்க்காதவன் நான். அந்தப் பல்லை இரண்டு நாள் உட்கார்ந்து அரம் போட்டுச் சரிசெய்தேன். இப்போது தேடினால் தெரியாது.

அடுத்தது மோட்டார். அதையும் கொண்டுபோ. அதில் உன் அண்ணன் விழுந்தான் என்று தெரிந்தும் நீ கேட்டாய், அது உன் மனசு. இஞ்சின் நன்றாக இருக்கிறது, ஒரே மிதியில் எடுக்கும். எண்ணெய் மாற்றுவதைத் தள்ளிப்போடாதே. செயினில் மணல் சேரவிடாதே. தோட்டத்துச் செம்மண் ரிம்மில் காய்ந்து ஒட்டிக்கொண்டால் உள்ளுக்குள்ளேயே அரித்துவிடும், அதனால் வாரம் ஒரு முறை பழைய பல் தேய்க்கும் பிரஷ்ஷை வைத்துக் கம்பி கம்பியாகக் கழுவு. பின்னால் இருக்கும் இரும்புக் கேரியர் நான் வெல்டிங் கடையில் நின்று அளவு சொல்லிச் செய்தது. அதில் சமையல் காஸ் தோம்பு ஏற்றியிருக்கிறேன், அரிசி மூட்டை ஏற்றியிருக்கிறேன், உங்கள் இரண்டு பேரையும் முன்னாலும் பின்னாலும் வைத்துக்கொண்டு கோயில் திருநாளுக்குப் போயிருக்கிறேன். சூசையை அடக்கம் செய்த ஒன்பதாம் நாள், வளைந்த முன் ஃபோர்க்கை நிமிர்த்தி, உடைந்த விளக்கை மாற்றி, அதே மோட்டாரில் நான் வேலைக்குப் போனேன். வாசலில் நின்று உன் அம்மா பார்த்துக்கொண்டே இருந்தாள். "ஒங்களுக்கு நெஞ்சுன்னு ஒன்னு இருக்கா, இல்ல அதையும் தச்சி வச்சிருக்கீங்களா" என்று கேட்டாள். நான் கேட்காதது போல ஸ்டார்ட் பண்ணிவிட்டேன்.

தச்சி என்று அவள் சொன்னதற்குக் காரணம் உண்டு. என் தையல் உனக்குத் தெரியும். உர மூட்டையின் வாயில் வெள்ளை நூல் போட்டுத் தைத்திருப்பார்கள் அல்லவா, சரியான முனையைப் பிடித்து இழுத்தால் சர்ரென்று ஒரே இழையாகக் கழன்று வரும். தோட்டத்தில் எல்லாரும் அதை அறுத்துக் குப்பையில் எறிவார்கள். நான் எறிய மாட்டேன். உரம் போடும் நாளெல்லாம் கழற்றிக் கழற்றி மூங்கில் துண்டில் சுற்றி வைப்பேன். மெழுகுவர்த்தியில் நாலு தடவை இழுத்துவிட்டால் கம்பி போல ஆகிவிடும் என்று எனக்கு நானே சர்டிபிகேட் கொடுத்துக்கொண்டேன். உங்கள் பள்ளிக்கூடப் பைகள், பூட்ஸ் வாய், மழைக்கோட்டு, மோட்டார் சீட்டு, உன் அம்மா சந்தைக்குத் தூக்கிப்போகும் பாசார் பை, எல்லாம் அந்த நூல்தான். லயத்தில் பத்து வீட்டுக்காரர்கள் செருப்பும் பையும் தூக்கிக்கொண்டு வருவார்கள். "அண்ணே, ஒங்க தையல் இருக்கே, சாமானு போனாலும் தையலு போவாது லா" என்பார்கள். நானும் பல்லைக் காட்டிக்கொண்டு தைத்துக் கொடுப்பேன். உண்மையில் எத்தனை தையல் எத்தனை மாசத்தில் பிய்ந்தது என்று யாரும் எண்ணவில்லை, ஏனென்றால் பை பிய்ந்தால் தக்காளிதான் கீழே விழும்.

இப்போது ஹெல்மெட்டுக்கு வருகிறேன். கையெழுத்து கோணினால் பொறுத்துக்கொள்.

அது நான் கல்யாணமான புதிதில் வாங்கியது. கனமானது, கறுப்பு. உள்ளே பஞ்சு பாதி உதிர்ந்துவிட்டது, அங்கே ஒரு பழைய சட்டையை மடித்து ஒட்டியிருந்தேன். வலதுபக்க வார் நைந்துபோனபோது, உன் பள்ளிக்கூடப் பையின் தோள்பட்டையிலிருந்து ஒரு துண்டு வெட்டி, கொக்கியை அதில் கோத்து, மிச்சமிருந்த முனையோடு சேர்த்து மூட்டை நூலால் தைத்தேன். போயும் வந்தும் குறுக்கும் நெடுக்குமாக இருபது தையலாவது இருக்கும். அதை இழுத்து இழுத்துப் பார்த்துச் சந்தோசப்பட்டேன். சூசை நீலாயில் தொழிற்சாலை வேலையில் சேர்ந்து முதல் சம்பளம் வாங்கிய அன்று சிரம்பான் லோபாக்கில் ஒரு கடையிலிருந்து ஒரு புது ஹெல்மெட் வாங்கி வந்தான். வெள்ளை நிறம், கண்ணாடி வைத்தது. நான் அதை விரலால் தட்டிப் பார்த்துவிட்டு, "முட்ட ஓடு மாதிரி இருக்கு. இதப் போட்டுக்கிட்டு போறதுக்கு சட்டியக் கவுத்துக்கலாம். வீட்டுல கல்லு மாதிரி ஒன்னு இருக்கறப்ப எதுக்குடா இந்த ஊதாரித்தனம்?" என்று அவன் சம்பள நாளின் முகத்தில் கரியைப் பூசினேன். அவன் சிரித்துக்கொண்டே, "சரிப்பா, இது தம்பிக்கு" என்று உன்னிடம் கொடுத்துவிட்டான். நீ அன்று முழுக்க அதைக் கழற்றாமல் வீட்டுக்குள்ளேயே போட்டுக்கொண்டு சுற்றினாய். அவன் என் கறுப்பு ஹெல்மெட்டை எடுத்து மாட்டிக்கொண்டான். அவனுக்கு அது பிடிக்கவில்லை. எனக்காகப் போட்டான்.

இன்னும் இருக்கிறது. அந்தச் சம்பவத்துக்கு ஒரு பத்து நாள் முன்னால், மோட்டார் சீட்டின் தையல் ஒரு பக்கம் வாயைப் பிளந்துவிட்டது. பார்த்தால் நூல் அறுந்திருக்கவில்லை, பொடிந்திருந்தது. விரலில் வைத்துத் தேய்த்தால் மாவு. வெயிலிலும் மழையிலும் அந்த நூலின் உயிர் போய்விடும் என்பது எனக்கு அன்றைக்குத் தெரிந்துவிட்டது. ஹெல்மெட் வாரும் அதே சுருள் நூல் என்பதும் அப்போதே நினைவுக்கு வந்தது. வரவில்லை என்று உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன். ஞாயிற்றுக்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தேன். ஞாயிற்றுக்கிழமை வந்தது, தோட்டத்து ஆபீஸ் கிராணி வீட்டுக் கூரைக்குத் தகரம் அடிக்கப் போய்விட்டேன். இரண்டு நாள் கழித்து சூசையே சொன்னான். "அப்பா, இந்த வாரு கொஞ்சம் லூசா இருக்கு லா, தையலு விடுற மாதிரி இருக்கு" என்றான். நான் சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "என் தையலா? நீ கெழவனாவற வரைக்கும் வரும்டா. போடா" என்றேன். அவனிடம் நான் பேசிய கடைசிப் பேச்சு அது இல்லை. ஆனால் எனக்கு மட்டும் அதுதான் கடைசிப் பேச்சாகக் காதில் நிற்கிறது.

அந்த நாளை நீ உன் பக்கத்திலிருந்து ஆயிரம் தடவை பார்த்திருப்பாய். சிரம்பானில் வகுப்பு முடிந்து சாயங்கால ரயிலில் வந்து லாபு ஸ்டேசனில் இறங்கினாய். மழை. அண்ணனுக்குப் போன் போட்டாய். "அண்ணே, பஸ்ஸு இல்ல, வந்து ஏத்திக்கோ லா" என்றாய். அவன் வேலையிலிருந்து வந்து அப்போதுதான் சட்டையைக் கழற்றியிருந்தான். திரும்பப் போட்டுக்கொண்டு கிளம்பினான். காலையில் அவன் பின்னால் உட்கார்ந்து வந்தபோது போட்ட அந்த வெள்ளை ஹெல்மெட்டைக் கையில் மாட்டிக்கொண்டு நீ ஸ்டேசன் கூரைக்குக் கீழே இரண்டு மணி நேரம் நின்றாய். தோட்டத்துச் சாலை பெரிய சாலையில் சேரும் அந்த வளைவில் செம்பனைக் குலை ஏற்றும் லோரி சிந்திய சேறும் உதிரிப் பழமும் கிடந்தன. மோட்டார் சறுக்கியது. வேகம் இல்லை, அவன் என்றைக்கும் வேகமாகப் போனவன் இல்லை. மதகுக் கட்டையில் தலை பட்டது. ஹெல்மெட் அவனை விட்டுப் பத்தடி தள்ளிக் கிடந்ததாம். "தலையில இருந்திருந்தா எழுந்து நடந்து வந்திருப்பாரு" என்று ஆஸ்பத்திரியில் ஒருவர் சொன்னார். அவர் ஆறுதலுக்குச் சொன்னாரோ, குறையாகச் சொன்னாரோ, எனக்குத் தெரியாது.

போலீஸ்காரர் ஹெல்மெட்டை ஒரு கறுப்புப் பிளாஸ்டிக் பையில் போட்டு என்னிடம் கொடுத்தார். பிணவறைக்கு வெளியே ஒரு பெஞ்சு இருந்தது, அதில் உட்கார்ந்து பையைத் திறந்தேன். சின்னவனே, கொக்கி மாட்டியபடியே இருந்தது. அவன் தாடைக்குக் கீழே ஒழுங்காக, கிளிக்கென்று மாட்டித்தான் வந்திருக்கிறான். இடதுபக்க வார் முழுசாக இருக்க, அதன் நுனிக் கொக்கியில் வலதுபக்கத் துண்டு, நான் தைத்தேனே உன் பள்ளிக்கூடப் பைத்துண்டு, அது பிய்ந்து வந்து தொங்கிக்கொண்டிருந்தது. தையல் இருந்த இடத்தில் வெள்ளையாக நாலு பிசிறு. எனக்கு யாரும் எதையும் விளக்கத் தேவையில்லை. உன் தாய்மாமன் நடைபாதையில் வருவது தெரிந்தது. நான் என்ன செய்தேன் தெரியுமா? பைக்குள்ளேயே கையை விட்டுக் கொக்கியைக் கழற்றினேன். பிய்ந்த துண்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். பிசிறை நகத்தால் பிடுங்கிக் கீழே தேய்த்தேன். உன் மாமன் வந்து பையை வாங்கிப் பார்த்துவிட்டு, "அட பாவி, மாட்டவே இல்லியே மாமா! பையன் மாட்டாமயே வந்திருக்கானே" என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதான். நான் தலையை ஆட்டினேன். பெற்ற பிள்ளை உள்ளே கிடக்கிறான், நான் வெளியே உட்கார்ந்து அவன் மேல் பழியைப் போட்டேன். ஒரு நிமிசம்கூட ஆகவில்லை அதைச் செய்ய.

அதற்கப்புறம் அந்தப் பேச்சு தானாக நடந்தது. துக்க வீட்டில் வந்தவர் எல்லாரும் சொன்னார்கள், இந்தக் காலத்துப் பிள்ளைகள் ஹெல்மெட்டைச் சும்மா தலையில் கவிழ்த்துக்கொண்டு போகிறார்கள் என்று. ஜெபம் சொல்ல வந்த உபதேசியார்கூட இளைஞர்களுக்கு அதை ஒரு புத்திமதியாகச் சொல்லிவிட்டுப் போனார். சூசை பேரைச் சொல்லியே சொன்னார். நான் முன் வரிசையில் உட்கார்ந்து கேட்டேன். பிறகு உன் அம்மா, அழுது அழுது குரல் போயிருந்தவள், பெட்டிக்குப் பக்கத்தில் நின்ற உன்னைப் பார்த்து, "நீ கூப்புடாம இருந்திருந்தா எம்புள்ள வீட்டுல இருந்திருப்பானேடா" என்றாள். ஒரே ஒரு தடவைதான் சொன்னாள், அதற்குப் பிறகு அதற்காக எத்தனையோ தடவை அழுதாள். ஆனால் அது உன் முகத்தில் போய் விழுந்ததை நான் பார்த்தேன். உனக்குப் பதினெட்டு வயசு. கையில் அந்த வெள்ளை ஹெல்மெட்டை இன்னும் கீழே வைக்காமல் நின்றாய். அப்போது நான் எழுந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். என் சட்டைப் பையில் அந்தத் துண்டு இருந்தது, தொட்டால் தெரிந்தது. நான் எழுந்திருக்கவில்லை.

எட்டு வருசம். பரீட்சை முடிந்த கையோடு நீ ஜொகூருக்குப் போனாய். பெருநாளுக்கு வரும்போது சிரம்பானில் இறங்கி அங்கிருந்து வாடகைக் காடி பிடித்து வருகிறாய், லாபு ஸ்டேசனில் மட்டும் இறங்குவதில்லை. நேரே வரும் ரயிலை விட்டுவிட்டு ஏன்டா இப்படிச் சுற்றுகிறாய் என்று உன் மாமன் கேட்டபோது, ரயிலில் கூட்டம், காடிதான் சௌகரியம் என்றாய். எவ்வளவு அவசரம் என்றால்கூட நீ யாரையும் போனில் கூப்பிட்டு வரச்சொல்வதில்லை. போன வருசம் உனக்குக் காய்ச்சல் கண்டு தனியாக ஆஸ்பத்திரிக்கு நடந்தே போனாயாம், உனக்குப் பேசியிருக்கிற அந்தப் பெண் சொல்லித்தான் எங்களுக்குத் தெரிந்தது. "கூப்பிட்டா வந்திருப்பேனே அங்கிள், கூப்பிட மாட்டேங்கிறாரு" என்று என்னிடம் குறைப்பட்டாள். ஏன் என்று தெரிந்த ஒரே ஆள் நான்தான். தெரிந்தும் சாப்பிட்டேன், தூங்கினேன், கோயிலுக்குப் போனேன். பாவசங்கீர்த்தனத்தில் கோபப்பட்டேன், பொய் சொன்னேன் என்று பொதுவாகச் சொல்லிவிட்டு எழுந்து வந்தேன். என்ன பொய் என்று சாமியார் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் உன் அம்மாவிடம் சொன்னேன். கொட்டகைப் பரணிலிருந்து ஹெல்மெட்டை இறக்கி, ஆணி டின்னிலிருந்து அந்தத் துண்டை எடுத்து, இரண்டையும் மேசையில் வைத்துச் சொன்னேன். கத்துவாள், அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் அந்தத் துண்டை எடுத்து, நூல் போன ஓட்டைகளை ஒவ்வொன்றாக விரலால் தடவினாள். "எட்டு வருசமா?" என்றாள். "ஆமா" என்றேன். "நான் சின்னவன அப்படிச் சொன்னப்ப நீங்க அங்கதானே இருந்தீங்க?" என்றாள். அதற்கும் ஆமாம் என்றேன். இரண்டு புடவையை ஒரு பையில் வைத்துக்கொண்டு மந்தினில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போய்விட்டாள். அந்தப் பையும் நான் தைத்ததுதான். வாசலில் அதைக் கவனித்துவிட்டு, உள்ளே வந்து புடவைகளை ஒரு பிளாஸ்டிக் பைக்கு மாற்றிக்கொண்டு போனாள். நேற்று போன் போட்டேன். கல்யாணத்துக்கு வருவாளாம், உன் பக்கத்தில் நிற்பாளாம். என் பக்கத்தில் நிற்பது பற்றி இப்போது கேட்காதீர்கள் என்றாள். நியாயம்தானே.

புத்திமதி சொல்லும் யோக்கியதை எனக்கு இல்லை. ஆனாலும் நீ குடும்பம் நடத்தப் போகிறவன், சாமான் விசயத்தில் எனக்குத் தெரிந்ததைச் சொல்லிவிடுகிறேன். கத்தியை வைத்துக்கொள், சம்மட்டியை வைத்துக்கொள், இஞ்சினை வைத்துக்கொள், அவையெல்லாம் பார்த்துக்கொண்டால் உழைக்கும். தலையில் போடுவது, இடுப்பில் கட்டிக்கொண்டு உயரம் ஏறுவது, பிரேக், டயர், இவற்றைப் பழசாக விடாதே. பார்க்க நன்றாக இருந்தாலும் தூக்கி எறி. ஒன்று நல்லதா கெட்டதா என்று அதைச் செய்தவனிடம் கேட்காதே, என்னைப் போன்றவன் தன் கைவேலையை விட்டுக்கொடுக்க மாட்டான். உன் வீட்டில் ஒருவர் இது லூசாக இருக்கிறது என்று சொன்னால், சோற்றுத் தட்டை வைத்துவிட்டு எழுந்து போய்ப் பார். அன்றைக்கே பார். லோபாக்கில் இரண்டு புது ஹெல்மெட் வாங்கி வைத்திருக்கிறேன், ஒன்று உனக்கு, ஒன்று அந்தப் பெண்ணுக்கு. பெட்டியைக்கூடப் பிரிக்கவில்லை. என் கை எதிலும் படவில்லை.

அடுத்த மாசம் சூசையின் நினைவுப் பூசை வருகிறது. அன்றைக்குப் பூசை முடிந்ததும் தோட்டத்துக் கோயிலில் எழுந்து நின்று இந்தக் கடிதத்தை வாசிக்கப் போகிறேன். மாட்டாமல் வந்தான் என்று சொன்னவர்கள் பாதிப் பேராவது இன்னும் இங்கே இருக்கிறார்கள், அவர்கள் காதில் விழ வேண்டும். உபதேசியாரிடம் சொல்லி அனுமதி வாங்கிவிட்டேன். விசயம் என்ன என்று அவருக்கு இன்னும் சொல்லவில்லை, ஏனென்றால் உனக்கு முன்னால் இன்னொருவர் தெரிந்துகொள்ளக் கூடாது. உன் கல்யாணம் அதற்கும் இரண்டு வாரம் கழித்து. அதற்கு நான் வரலாமா கூடாதா என்பதை நீ முடிவு செய். வராதே என்றால் வர மாட்டேன், யாரிடமும் குறை சொல்ல மாட்டேன். பாராங்கும் மோட்டாரும் லோரியில் வந்துசேரும். என்னை மன்னித்துவிடு என்று நான் எழுதவில்லை, அதைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. ஒன்று மட்டும் செய். ஒரு நாள் லாபு ஸ்டேசனில் இறங்கு. இறங்கி, யாரையாவது போனில் கூப்பிட்டு வந்து ஏற்றிக்கொள்ளச் சொல்.

ஹெல்மெட்டைத் தைக்கவில்லை, தைக்கவும் மாட்டேன். அந்தத் துண்டைத் திரும்பக் கொக்கியில் மாட்டி, போலீஸ்காரர் என் கையில் கொடுத்தபோது எப்படி இருந்ததோ அப்படியே மேசையில் வைத்திருக்கிறேன். வந்து உன் கண்ணால் பார். நீ கூப்பிட்டாய், அதில் தப்பில்லை. உன் அண்ணன் வார் மாட்டித்தான்டா வந்தான்.

அப்பா